எண்ணெயைத் திருப்பி ஊற்றச் சொன்ன ஆணை

உலகத்தில் பயப்படுவதற்கும் ஆள் வேண்டும் அல்லவா? எல்லோரும் தைரியசாலிகளாகிவிட்டால் அதிகாரிகள் யாரைத்தான் அதட்டுவார்கள், பாவம்! அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்தார் அரிசி ஆலையின் உமிக்காரர்.

ஆலையில் நெல் அரைபட்டதும் அரிசி ஒரு பக்கம் போகும், தவிடு ஒரு பக்கம் போகும். யாருக்கும் வேண்டாத உமி பின்பக்கக் களத்தில் வந்து மலையாகக் குவியும். அதைச் சாக்கில் அடைப்பதும், கொதிகலனுக்குத் தள்ளுவதும், மிச்சத்தை வண்டியேற்றி அனுப்புவதும்தான் இருபத்தெட்டு வருடமாக அவருடைய வேலை. அவர் மனைவி அதே ஆலையில் சாக்கு தைப்பவர். தபால்காரர் பழுப்பு உறையை நீட்டினால், அதை மனைவி பிரித்துப் படிக்கும்வரை உமிக்காரர் வாசலுக்கு வெளியிலேயே நிற்பார். முதலாளி கூப்பிடுகிறார் என்றால், வேலையை விட்டு அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவுகட்டி, மரியாதையாக விடைபெறும் முகத்தோடு உள்ளே போவார். தெருவில் உடுப்புப் போட்ட யாரைக் கண்டாலும், அது காவலரா பேருந்து நடத்துநரா என்று பார்க்குமுன்பே ஒதுங்கி நின்று கும்பிட்டுவிடுவார். "இவரு கனவுலகூடக் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு," என்பார் மனைவி. அதில் மிகை ஒன்றும் இல்லை. கனவில் நிற்பதோடு முழிப்பு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பார்.

ஆலைக்குப் பின்னால் ஓடுவது வாய்க்கால். ஆலையைத் தாண்டி அரை மைல் போனால் நீரேற்று நிலையம். ஊர்க் குழாய்களில் வருவதெல்லாம் அங்கிருந்து உறிஞ்சிய தண்ணீர்தான். உமிக்காரர் வீட்டுக் குழாயும் அதில் ஒன்று. வீட்டில் அவருடைய மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. மருமகனுக்கு வெளியூரில் வேலை. மகளுக்கு உடம்பில் நீர் வற்றுகிறது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவள் ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு குடிக்கிறாள் என்று உமிக்காரர் எண்ணிக்கொண்டே இருப்பார். எட்டு சொம்புக்கு ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் போய்விடும்.

ஒரு நாள் காலை ஆறரை மணிக்குக் களத்துக்கு வந்தவர், வாய்க்கால் கறுப்பாக வருவதைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் எண்ணெய். எஞ்சினில் ஊற்றுகிற கரிய எண்ணெய், கரையிலிருந்து கரை வரை, தோல் போர்த்தியதுபோல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்வதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அதுவும் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் ஒழுங்கான குடிமகன் ஆயிற்றே! முதல் காரியமாக நீர்நிலைத் தூய்மை வாரியத்துக்குத்தான் போன் செய்தார்.

"எண்ணெயா? எவ்வளவு எண்ணெய்?" என்றது கொட்டாவியோடு ஒரு குரல்.

"வாய்க்கால் பூரா சார்."

"பூரான்னெல்லாம் எழுத முடியாதுங்க. லிட்டர் சொல்லுங்க."

"அளக்கலிங்க சார்..."

"அளக்காம எப்படிங்க புகார் குடுக்கறீங்க? பத்து மணிக்கு மேல நேர்ல வந்து படிவம் வாங்கிக்குங்க. அதுவரைக்கும் எண்ணெயை அங்கேயே இருக்கச் சொல்லுங்க."

கடைசி வாக்கியம் கேலியா உத்தரவா என்று உமிக்காரருக்குப் புரியவில்லை. எண்ணெயைப் பார்த்தார். அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. இந்த வேகத்தில் போனால் இருபது நிமிடத்தில் நீரேற்று நிலையம். வீட்டில் மகள் எழுந்து முதல் சொம்பு பிடிக்கும் நேரம். வாரியத்தை நினைத்தாலும் பயம், மகளை நினைத்தாலும் பயம். இரண்டு பயத்துக்கு நடுவில் அவர் கை தானாக ஒரு காரியம் செய்தது. ஆலையில் எஞ்சின் ஒழுகித் தரையெல்லாம் எண்ணெயாகும்போது என்ன செய்வார்களோ, அதைச் செய்தது. இரண்டு கூடை உமியை அள்ளிக் கொட்டினால், பத்து எண்ணுவதற்குள் உமி எண்ணெயைக் குடித்துவிடும். பிறகு கூட்டி அள்ள வேண்டியதுதான். எந்த ஆலையிலும் இதற்குப் பாடம் நடத்துவதில்லை.

"ஏம்மா! சாக்கை எல்லாம் அவிழ்த்துவிடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மனைவியே ஆடிப்போனார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் குரல் களத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

ஆலை ஆட்கள் ஓடிவந்தார்கள். கயிற்றில் மூங்கிலைக் கோத்து, சாக்கைக் கட்டி, வாய்க்காலின் குறுக்கே இழுத்தார்கள். மேலே மூட்டை மூட்டையாக உமியைக் கொட்டினார்கள். பழுப்பாக மிதந்த உமி பார்க்கப் பார்க்கக் கறுத்துக் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. சல்லடையாலும் கொசுவலையாலும் அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டார்கள். ஒன்பது மணிக்கு எண்பத்து நாலு மூட்டை கரையில் நின்றது. தடுப்புக்குக் கீழே தண்ணீர் தண்ணீராகவே ஓடியது. உமிக்காரர் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். பாசி வாடை மட்டும்தான். வீட்டுக்கு ஓடிப்போய் மகள் குடித்த சொம்பையும் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு மணி நேரம் பயமே இல்லாமல் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை அவர் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு வாரியத்தின் ஜீப் வந்தது. கண்காணிப்பாளர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இறங்கினார்கள்.

"எங்க எண்ணெய்?"

"இந்தச் சாக்குல சார்."

"வாய்க்கால்ல இருக்கற எண்ணெயைக் கேக்கறேன்."

"அதுதான் சார் இது. எடுத்துட்டோம்."

"எடுத்துட்டா, இருந்துதுன்னு எப்படித் தெரியும்?"

உமிக்காரர் ஆலை ஆட்களைப் பார்த்தார். ஆலை ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். எழுத்தர் நல்ல மனிதர். ஒரு சாக்கைக் குனிந்து முகர்ந்து, "எண்ணெய் வாடை அடிக்குதுங்க சார்," என்றார்.

"வாடைக்குப் படிவத்துல இடம் இல்ல," என்றார் கண்காணிப்பாளர். பிறகு வாய்க்காலைக் கூர்ந்து பார்த்தார். கரையோரப் புல்லில் ஏழெட்டு உமி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "இது என்ன?"

"உமி சார்."

"யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"எழுதிக்கய்யா. வேளாண் கழிவைப் பொது நீர்நிலையில கொட்டினது. நேர்ல பாத்தது. ஒப்புக்கிட்டாரு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நீட்டிய இடத்திலெல்லாம் உமிக்காரர் கையெழுத்துப் போட்டார். எண்பத்து நாலு மூட்டைக்கும் அரக்கு முத்திரை வைத்து, மூன்றே நாளில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள்.

விசாரணை அறை குளுகுளுவென்று இருந்தது. நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பெரிய பூட்டு. உள்ளே வெள்ளைச் சுருள் ஒன்று. கீழே, 'அங்கீகரிக்கப்பட்ட எண்ணெய் உறிஞ்சுபொருள்' என்று எழுதியிருந்தது.

"அதைப் பாத்தீங்களா?" என்றார் தலைவர். "எண்ணெய் உறிஞ்சணும்னா அதாலதான் உறிஞ்சணும்."

"அதைப் பயன்படுத்தி இருக்கீங்களா சார்?" என்று கேட்டது உமிக்காரர் அல்ல. அவருக்கு அந்தத் தெம்பு ஏது? கூட வந்திருந்த மனைவி கேட்டார்.

"பயன்படுத்தினா தீர்ந்துடும்மா," என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

"ஐயா, உமியும் நல்லா உறிஞ்சுதுங்க..." என்று ஆரம்பித்தார் உமிக்காரர், கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல்.

"உமி கழிவு. கழிவைத் தண்ணியில போடறது குற்றம்."

"கழிவா போடலிங்க ஐயா. எண்ணெயை எடுக்கற சாமானாத்தான்..."

"சாமானா? அப்ப தரச்சான்று எங்க?"

"அது எங்கிங்க வாங்கணும்?"

"இங்கதான். ஆனா கழிவுக்கெல்லாம் நாங்க சான்று குடுக்கறதில்ல."

ஓர் உறுப்பினர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, இன்னொரு குற்றமும் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். உமிக்குள் எண்ணெய் இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவரே சொல்கிறார். அப்படியானால் உரிமம் இல்லாமல் எண்ணெய் இருப்பு வைத்திருக்கிறார். எண்ணெய் இல்லை என்றால், காரணமே இல்லாமல் உமி கொட்டியிருக்கிறார். எண்ணெய் இருந்தால் ஒரு குற்றம், இல்லாவிட்டால் வேறு குற்றம். உமிக்காரருக்கு அறை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அரசாங்க மேசையைத் தொட்டுவிட்டோமே என்று உடனே கையை எடுத்தும்கொண்டார்.

தலைவர் ஒரு மடக்கு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நின்றார். எதிரில் இருப்பது இரண்டே பேர் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"இந்த வாரியம் ஏற்பட்டு பதினாறு வருஷமாச்சு. பதினாறு வருஷத்துல இந்த வாய்க்கால்ல ஒரு தடவைகூட எண்ணெய் கலந்ததாப் பதிவு கிடையாது. ஏன்? எங்க நடைமுறை அவ்வளவு கண்டிப்பு! கலந்துதுன்னு எழுதணும்னா, மூணு அதிகாரிங்க ஒரே நேரத்துல, ஒரே இடத்துல நின்னு, ஒரே எண்ணெயைப் பாக்கணும். இன்னிக்கு வரைக்கும் அது நடந்ததில்ல. நாங்க மூணு பேர் ஒண்ணு சேர்றதுக்குள்ள ஒவ்வொரு தடவையும் எண்ணெய் போயிடுது. அதுக்கு நாங்க பொறுப்பாக முடியுமா? ஓடற தண்ணிதான் பொறுப்பு. இன்னொண்ணும் சொல்றேன். நான் இந்த ஊர்த் தண்ணியைக் குடிக்கறதே இல்ல. அதனால என் தீர்ப்புல சொந்த லாபம் எதுவும் கிடையாது."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

"ஆனா நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல," என்று தொடர்ந்தார் தலைவர். "உங்களுக்கு ஒரு வழி இருக்கு. நீங்க எடுத்த எண்ணெயைத் திருப்பி வாய்க்கால்லயே விடணும். நாங்க மூணு பேரும் கரையில நின்னு பாப்போம். இருக்குன்னு பதிவாகும். பதிவாயிட்டா உங்க மேல தப்பே இல்ல. பாராட்டுக் கடிதம்கூடக் குடுப்போம். திருப்பி விடலைன்னா, ரெண்டு வருஷம் சிறை."

"விட்ட எண்ணெயை யாரு சார் எடுக்கறது?" என்றார் மனைவி.

"முறைப்படி ஒப்பந்தப்புள்ளி கேட்டு, தொண்ணூறு நாள்ல எடுத்துடுவோம்."

"அதுக்குள்ள குழாய்ல வந்துடுமே!"

"குழாய் எங்க துறை இல்லம்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி பொரிந்துகொண்டே வந்தார். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது? ஆறரை மணிக்கே அவங்களுக்கு போன் பண்ணச் சொல்லி உங்களை யாரு கேட்டது? சும்மா போட்டு அள்ளியிருந்தா யாருக்குத் தெரியும்?" உமிக்காரர் இரண்டு வருடம் என்பதை நாளாக்கிக்கொண்டிருந்தார். எழுநூற்று முப்பது வந்தது. பேரக்குழந்தை அதற்குள் நடக்கும், ஓடும், யார் இந்த ஆள் என்றுகூடக் கேட்கும். எண்ணெயைத் திருப்பி விட்டால்? அதை அவரால் கணக்குப் போட முடியவில்லை. மகள் அன்று எட்டாவது சொம்பைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுவாரம் வாரியத்தின் ஆட்கள் ஆலைக்களத்தில் ஒரு பிழியும் எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முத்திரை உடைத்து, முதல் பத்து மூட்டை உமியை எந்திரத்தில் போட்டு முறுக்கினார்கள். எந்திரம் முனகியது. நாலு பேர் தொங்கினார்கள். ஒரு தம்ளர் அளவு வந்தது. உமி உள்ளே இழுத்ததை விடுவதாக இல்லை. 'மேற்படி உமி எண்ணெயைத் திருப்பித் தர மறுக்கிறது; இதன் உறிஞ்சும் திறன் மிகவும் கவலைக்குரியது' என்று கண்காணிப்பாளர் அறிக்கை எழுதினார். அதைப் படித்ததும் உமிக்காரருக்கு உயிர் வந்தது. எண்ணெய் இல்லை என்றால் ஊற்றவும் முடியாதல்லவா!

பாவம், அவருக்கு வாரியத்தைத் தெரியாது. மூன்றாம் நாள் கடிதம் வந்தது. குடிமகன் ஒருவர் கையில் எண்ணெய் இல்லாத ஒரே காரணத்தால் நீதி தடைபடக் கூடாது என்றும், எனவே வாரியமே தன் கையிருப்பிலிருந்து நாலு பீப்பாய் கரிய எண்ணெய் வழங்கும் என்றும் அதில் இருந்தது. எண்ணெய்க் கசிவைத் தடுக்கிற வாரியத்துக்கு எண்ணெய்க் கையிருப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். உமிக்காரரும் கேட்கவில்லை. அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். 'இது நான் எடுத்த எண்ணெய்க்குச் சமமான எண்ணெய். என் முழுச் சம்மதத்தோடு வாய்க்காலில் சேர்க்கப்படுகிறது' என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. அந்த விஷயத்தில் வாரியம் நெருப்பு.

மனைவி நீரேற்று நிலையத்துக்கு ஓடினார். அங்கே மோட்டார் பார்ப்பவர் தூரத்து உறவில் அண்ணன் முறை.

"அண்ணே, எண்ணெய் ஊத்தற அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மோட்டாரை நிறுத்திடுங்கண்ணே."

"நிறுத்தறதுக்கு எனக்கு என்னம்மா வலிக்குதா? தண்ணியில எண்ணெய் இருக்குன்னு வாரியம் எழுதித் தரட்டும், அடுத்த நிமிஷம் நிறுத்தறேன். காகிதம் இல்லாம நிறுத்தினா என் வேலை போயிடும்."

வாரியத்தில் கேட்டால், பார்த்த பிறகுதான் எழுத முடியும், மூன்று பேரும் கையெழுத்திட்டு வெளியே வர மாலை ஐந்தாகும் என்றார்கள். எண்ணெய்க்கு இருபது நிமிடம் போதும்.

அந்த நாளும் வந்தது. கரையில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் ஐந்தடி தூரத்தில்தான் விழப்போகிறது, ஆனாலும் விதிப்படி பைனாகுலர் வேண்டும். வாரியத்தின் லாரியிலிருந்து நாலு பீப்பாய்களை உருட்டிவந்து தண்ணீரின் விளிம்பில் நிறுத்தினார்கள். மேசைமேல் அந்தத் தாள்.

உமிக்காரர் பேனாவைப் பிடித்தார். மூக்கில் எண்ணெய் வாடை ஏறியது. கரையின் அந்தக் கடைசியில் நீரேற்று நிலையத்தின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மகள் சொம்பைத் தூக்குவது கண்முன் வந்தது. ஜெயில் கதவும் வந்தது. கை நடுங்கத் தொடங்கியது. சாதாரண நடுக்கமா அது! தோளிலிருந்து இறங்கி, முழங்கைக்கு வந்து, விரலில் குதித்தது. எப்படியோ கையெழுத்தைப் போட்டுவிட்டார். போட்டபோது கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது.

எழுத்தர் தாளை வாங்கி, ஆலையின் பழைய வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "சார், ஒத்துப்போகல."

மறுபடி போடச் சொன்னார்கள். இரண்டாவது கையெழுத்து முதல் கையெழுத்தோடும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது தாளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. தலைவர் பைனாகுலரைக் கீழே வைத்தார்.

"என்னய்யா இது?"

"பயமா இருக்குங்க ஐயா."

"எங்களைப் பாத்தா? நாங்க மக்கள் சேவகருங்க! எங்களைப் பாத்து ஒருத்தர் பயந்து கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்ன பேசுவாங்க? மிரட்டி வாங்கினதா ஆகாதா? பயமில்லாம போட்டாத்தான் செல்லும். பத்து நாள் அவகாசம். இவருக்குப் பயம் போக்கற பயிற்சி குடுங்க!"

பீப்பாய்கள் லாரியேறின. அவ்வளவு நாளும் தன்னைப் பிடித்து ஆட்டிய பயமே தன்னைக் காப்பாற்றியதை உமிக்காரர் அப்போதுதான் உணர்ந்தார். வீடு வரை நடுங்கிக்கொண்டே, ஆனால் பெருமையாக நடந்தார்.

மறுநாள் காலை பயிற்சி அலுவலர் வந்து சேர்ந்தார். சிரித்த முகம். உமிக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னார். "எதிர்ல உக்காந்திருக்கற அதிகாரி யாரு? அவரும் மனுஷன்தான். அவருக்கும் பல்வலி வரும், வீட்ல திட்டு விழும். சொல்லுங்க, எனக்குப் பயமில்லை!"

"எனக்குப் பயமில்லிங்க," என்றார் உமிக்காரர், எழுந்து நின்று.

"உக்காந்துகிட்டே சொல்லணும்."

நாளுக்கு இருநூறு தடவை. முதல் நாள் குரலே வரவில்லை. நாலாம் நாள் குரல் வந்தது. ஆறாம் நாள் அலுவலரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அன்றிரவு கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். முன்போல ஆடவில்லை. பயம் போய்க்கொண்டிருக்கிறதே! பயம் போனால் கையெழுத்து வந்துவிடும், கையெழுத்து வந்தால் எண்ணெய் வந்துவிடும்.

"ஏம்மா, ஏதாவது சொல்லி என்னைப் பயமுறுத்தேன்," என்று மனைவியிடம் கெஞ்சினார்.

மனைவியும் தன்னால் ஆனமட்டும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கத்தினார். ஜெயிலில் எலி உண்டு என்றார். முதலாளி கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லிப் பார்த்தார். "கூப்பிடட்டும், என்னவாம்?" என்று உமிக்காரரின் வாயிலிருந்து வந்ததும், இரண்டு பேருமே திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. "முப்பது வருஷமா உங்க பயத்தைத் திட்டித் தீர்த்தேனே. இப்ப அது இல்லாம நீங்க யாரோ மாதிரி இருக்கீங்க. எனக்குப் பயமா இருக்குங்க," என்றார்.

பத்தாம் நாள் மறுபடி பந்தல், மறுபடி பைனாகுலர், மறுபடி நாலு பீப்பாய். இந்தத் தடவை மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார்கள். பயிற்சி அலுவலர் தன் மாணவரைப் பெருமையோடு பார்த்துத் தலையசைத்தார். உமிக்காரர் மேசைக்கு வந்தார். கும்பிடவில்லை. உட்காரச் சொல்லுமுன்பே உட்கார்ந்தார். தலைவருக்கு அது பிடித்திருந்தது. "பாத்தீங்களா, எங்க வாரியம் மனுஷனை எப்படி மாத்துதுன்னு!" என்றார் உறுப்பினர்களிடம்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உமிக்காரர் பேனாவைப் பிடித்தார். கையைப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. இனி இந்தக் கை தன்னைக் காப்பாற்றாது என்று தெரிந்தது. தலைவரின் முகத்தையும் பார்த்தார். அவர் கன்னம் லேசாக வீங்கியிருந்தது. நிஜமாகவே பல்வலி போலிருக்கிறது.

நிதானமாகக் குனிந்து, கோணாமல் நெளியாமல், பெரிய எழுத்தில் எழுதித் தாளை எழுத்தரிடம் நீட்டினார்.

எழுத்தர் படித்தார். அவர் உதடு துடித்தது. "சார்... 'மாட்டேன்'னு எழுதியிருக்காருங்க."

"என்னது? கையெழுத்து எங்க?"

"அது இல்லிங்க சார். இதுதான் இருக்கு."

"நடுக்கம்?"

"துளிகூட இல்லிங்க சார்."

தலைவர் உறுப்பினரைப் பார்த்தார். உறுப்பினர் சட்டப் புத்தகத்தை முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார். கையெழுத்து இல்லாமல் ஊற்றினால் ஊற்றியவர்தான் குற்றவாளி என்பது மட்டும் தெளிவாக இருந்தது. பீப்பாய்ப் பக்கத்தில் நின்றிருந்த ஆட்கள், சத்தமில்லாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

"ரெண்டு வருஷம், தெரியுமில்ல?" என்றார் தலைவர். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"தெரியும்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இல்லைன்னு ரெண்டாயிரம் தடவை சொல்ல வெச்சீங்களே," என்றார் உமிக்காரர். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்.

வாசல் தாண்டி உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்த பிறகுதான் அது வந்தது. பத்து நாள் பயமும் சேர்ந்து வந்தது. கால் உதறியது, பல் தந்தியடித்தது, நெற்றி வியர்வையில் நனைந்தது. "என்ன காரியம் பண்ணிட்டு வந்தேன், என்ன காரியம் பண்ணிட்டு வந்தேன்," என்று முனகிக்கொண்டே இருந்தார். பின்னாலேயே ஓடிவந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இரண்டு கையையும் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை.

மகள் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து போய்க் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்துவந்தாள். அவரால் வாங்கிப் பிடிக்க முடியவில்லை. அவளே வாயில் வைத்தாள். பல் சொம்பின் விளிம்பில் கடகடவென்று மோதியது.

"மெதுவா குடிங்கப்பா. என்ன ஆச்சு? ஏன் இப்படி நடுங்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான் இருக்கு," என்றாள் மகள், ஒன்றும் புரியாமல்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. அவர் சொம்பில் இருந்த மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.